முந்தின ஆள்

என் மகள் சமையல் படிக்கப் போகிறாள் என்று முழுதாக நான்கு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்தான். அவர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம்.

நான் விவசாய மோட்டார் விற்கும் கடையில் சேல்ஸ்மேன். அன்றைக்கு வேலையாகத் துவாக்குடி போய்விட்டுத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகளுக்குக் கணக்கில் நல்ல மார்க். அந்தப் பக்கம் பெரிய இன்ஜினியரிங் காம்பஸ் ஒன்று இருக்கிறதே, அதைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காருவேன். உள்ளே இருக்கிற அறிவில் ஒரு சொட்டு வெளியே தெறித்தால் நம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு நப்பாசை. அந்த நேரத்தில்தான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, முடிவு பண்ணிட்டேன். பி.ஏ. சமயக் கல்வி."

சரியாக அந்த 'க்' விழுகிற இடத்தில் தஞ்சாவூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நம் ஊரில் சமையலை யார் ஐகாரத்தோடு சொல்கிறார்கள்? எல்லார் வாயிலும் அது சமயல்தான். ஆக, என் காதில் விழுந்தது சமயல் கல்வி. பி.ஏ.வில் ஏது சமையல் என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது.

முதலில் கொஞ்சம் வருத்தம். பஸ் திருவெறும்பூர் வருவதற்குள் பெருமிதம். கேட்டரிங் படித்தவர்கள் கப்பலில் போகிறார்கள், ஐந்து நட்சத்திர ஓட்டலில் உயரமான தொப்பி போட்டுக்கொள்கிறார்கள். வையம்பட்டியில் விவசாயம் பார்க்கும் அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

"சமயலா? அதுக்கு எதுக்குடா காலேஜு? உங்க அண்ணிகிட்ட அனுப்பு" என்றார்.

"அண்ணே, இது கப்பல்ல சமைக்கிறது."

"கப்பல்லயும் அடுப்பு அடுப்புதானேடா?" என்றவர், சற்றுப் பொறுத்து, "சம்பளம் டாலர்லயா?" என்றார். அதற்குப் பிறகு அவரும் என் கட்சி.

நான்காம் நாள் நல்ல எஃகுக் கரண்டி செட் ஒன்று வாங்கிக்கொண்டு போய் மகள் கையில் கொடுத்தேன். அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இது?"

"கோர்ஸுக்குத்தான்."

"கோயில் கல்வெட்டு படிக்கிறதுக்குக் கரண்டி எதுக்குப்பா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு முதல் நாளே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாலு நாளா வீடு நிம்மதியா இருந்துச்சுங்க. அதை ஏன் கெடுக்கணும்?" என்றாள்.

சமயம் என்றால் மதம். சைவம், வைணவம், சமணம், பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்தவம் எல்லாவற்றையும் வரலாறாக, தத்துவமாக, கல்வெட்டாகப் படிப்பது. எனக்கு பக்தி உண்டு. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு நான் போட்ட தோப்புக்கரணத்தை அடுக்கினால் உச்சிக்கு இன்னொரு படிக்கட்டே கட்டலாம். ஆனால் சாமி கும்பிடுவது வேறு, சாமியில் பரீட்சை எழுதுவது வேறு. முடித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்? யாரிடம் பயோடேட்டா நீட்டுவாள்? அன்றிரவு கனவில் என் மகள் காவி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. அந்த ஒரு லாபத்தைத் தவிர அந்தப் படிப்பில் எனக்கு வேறொன்றும் தென்படவில்லை.

"புலம்பாதீங்க. ஸ்ரீரங்கத்துல அப்ளிகேஷன் போடுற மேடம்கிட்ட போயிட்டு வாங்க. எங்க அக்கா பையனுக்கு அவங்கதான் பாத்தாங்க" என்றாள் மனைவி.

இப்படித்தான் அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. எல்லாருக்கும் அவர் மேடம். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஆள் நின்றால் காற்று நிற்க இடமில்லாத ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, எல்லா வகை விண்ணப்பமும் நிரப்பித் தரப்படும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். படிக்கும்போது போடமாட்டார், ஆளைப் பார்க்கும்போதுதான் போடுவார். இருந்த ஒரே ஃபேன் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஃபேனை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். "உங்களுக்குச் சூடானா நீங்க வெளிய போயிடலாம் சார். அது எங்க போகும்?" என்றார் மேடம்.

எந்த விண்ணப்பமானாலும் முதலில் ஒரு தாளில் பென்சிலால் எழுதுவார். கம்ப்யூட்டரில் ஏற்றமாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்:

"முந்தின ஆள் யாரு?"

அதாவது, இந்தப் படிப்பை உங்களுக்கு முன்னால் முடித்த ஆள் யார், இப்போது எங்கே இருக்கிறார், அவர் போன் நம்பர் என்ன. கல்லூரியிடமே கேட்டு வாங்கிவரவேண்டும். பேசிவிட்டு வந்தால்தான் பென்சில் எழுத்து கம்ப்யூட்டருக்குப் போகும். பேசாமல் வந்தால் ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இது படிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தச் சந்தில் யாரும் எதையும் அவருக்குச் சுலபமாக விற்றுவிட முடியாது. மிக்ஸி விற்க வந்த பையனிடம், "போன மாசம் இந்தத் தெருவுல யார் வாங்கினாங்க?" என்று கேட்டு, அந்த வீட்டுக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் அப்படியே பஸ் ஏறிவிட்டான். பல் பிடுங்கப் போன இடத்தில், வெளியே காத்திருந்த ஒருவரிடம், "உங்களுக்கு இவர்தான் பாத்தாரா? கொஞ்சம் வாயைத் திறங்க" என்றாராம். அவரும் திறந்தாராம். காசி யாத்திரைக்கு ஆள் சேர்த்த ஒரு டிராவல்ஸ்காரரிடம், "போன தடவை போனவங்கள்ல திரும்பி வந்தவர் ஒருத்தர் நம்பர் குடுங்க" என்று கேட்டதில், பதிவு செய்திருந்த ஏழெட்டுப் பெரியவர்களும் 'அப்ப திரும்பாதவங்க எத்தனை பேரு?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் பத்திரமாகத்தான் திரும்பியிருந்தார்கள். ஆனாலும் பாதிப் பேர் பழனியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சந்தின் முனையில் ஒரு ஜோசியர் இருந்தார். அவர் மட்டும் மேடம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரமாட்டார். இரண்டு தெரு தாண்டிப் போய் எடுப்பார். காரணம் கேட்டேன். "அந்தம்மா போன வருஷ ராசிபலனை எடுத்து வெச்சிருக்குங்க" என்றார்.

சிரிப்பாக இருந்தாலும் அந்தக் கேள்வியைப் பார்த்து எனக்கு ஒரு பயமும் உண்டு. ஒருமுறை நர்ஸிங் விண்ணப்பத்தோடு ஒரு பெண் வந்தாளாம். முந்தின ஆளுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கம் எடுத்தவள் அன்றைக்கென்று வார்டில் திட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே, "இதுக்கு மட்டும் வராதே" என்றாள். வந்த பெண்ணின் அம்மா விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். பெண் அந்த வருடம் எங்கேயும் சேரவில்லை. மறு வருடம் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். இதை மேடமே என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு அழுத பொண்ணு இப்ப ஹெட் நர்ஸு சார். ஒரு ஆள் பேச்சை வெச்சு முடிவு பண்ணவிட்டது என் தப்பு. அதுலேர்ந்து மூணு பேர்கிட்ட கேக்கணும்னு ஆக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, கண்ணாடி போடாமலே மெஷினைத் திறந்து உள்ளே சிக்கியிருந்த தாளை வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் மகளோடு முதல்முறை போனபோது கையில் ஒரு பளபளப்பான புத்தகம் வைத்திருந்தேன். பயந்தவன் எப்போதும் விலை உயர்ந்ததைத்தான் பிடித்துக்கொள்வான். சமயம்தான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். சரி, அதிலேயே ஏசி போட்ட இடமாகப் பார்ப்போம் என்று நெடுஞ்சாலையில் புதிதாக முளைத்திருந்த ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்திருந்தேன். படிப்பின் பெயர் 'ஆன்மிகத் தலைமைப் பண்பு மற்றும் மேலாண்மை'. அட்டையில் கோட்டு போட்ட இளைஞர்கள் லேப்டாப்புக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கடைக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் நாங்களும் அப்படித்தான் உட்காருவோம். கீழே கொட்டை எழுத்தில், நூறு சதவீத வேலைவாய்ப்பு. கட்டணத்தை அண்ணனிடம் சொன்னபோது, "அதுல ஒரு எருமையும் அதைக் கட்டக் கொட்டகையும் வரும்டா" என்றார். வேலை நிச்சயமென்றால் எருமையை விட்டுக்கொடுக்க நான் தயார்.

மேடம் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு அவர்களை அழைத்தார். ஒரு பெண் தேன் குரலில் எடுத்தாள்.

"வணக்கம்மா. உங்க கோர்ஸை முடிச்சவங்கள்ல ஒருத்தர் நம்பர் வேணும்."

"முடிச்சவங்கன்னா... மேடம், எங்க ஃபர்ஸ்ட் பேட்ச் இப்ப செகண்ட் இயர்ல இருக்காங்க."

"அப்ப இன்னும் ஒருத்தரும் வெளிய வரல?"

"வருவாங்க மேடம்."

"சரி, நூறு சதவீத வேலைவாய்ப்புன்னு போட்டிருக்கே, அது யாருக்கும்மா?"

பின்னணியில் வீணை மட்டும் ஓடியது. பிறகு அந்தப் பெண் மெதுவாக, "அது எங்க நம்பிக்கை மேடம்" என்றாள்.

"ஆன்மிகத்துல நம்பிக்கைதானே மேடம் முக்கியம்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து போகவேண்டும்போல் இருந்தது.

"சார், வெளிய வந்தது பூஜ்யம் பேரு. அத்தனை பேருக்கும் வேலை கிடைச்சிடுச்சு. நூறு சதவீதம் சரிதான்."

பிறகு மகளிடம் கேட்டார். "உனக்கு எங்க படிக்கணும்?"

நகரத்துக்குள் இருக்கும் ஒரு பழைய கல்லூரியின் பெயரைச் சொன்னாள் மகள். அங்கே இந்தப் பாடத்துக்கென்று ஒரு சின்னத் துறை. கட்டணம், நாங்கள் ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்கும் பணம்தான். அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். மேடம் அந்தக் கல்லூரியின் பெயரைப் பென்சிலால் எழுதினார். எழுதிவிட்டு, பென்சில் முனையை அதன்மேலேயே சற்று வைத்திருந்தார்.

"போய் நம்பர் வாங்கிட்டு வாங்க சார். நாளன்னிக்கு கடைசித் தேதி."

மறுநாள் காலை போனேன். துறை, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பேராசிரியர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெற்றோர் என்று ஒரு ஆள் அந்த அறைக்குள் வந்து பல வருடம் ஆகியிருக்கவேண்டும்.

"சார், இந்தக் கோர்ஸை முடிச்சவங்க யாராவது ஒருத்தர்..."

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். ஒவ்வொரு பெயராக விரலை நகர்த்தினார். "இது சுவிட்ச் ஆஃப். இவர் அரபு நாட்டுக்குப் போயிட்டார். இது அவங்க மாமியார் நம்பர், திட்டுவாங்க." கடைசியில் ஒரு நம்பரில் விரல் நின்றது. "இது எப்ப அடிச்சாலும் எடுப்பாங்க." நம்பரை மட்டும் எழுதித் தந்தார்.

"எப்படி சார், நல்லா வந்திருக்காங்களா?"

"நீங்களே பேசுங்களேன்" என்று டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மகளை வரச்சொல்லிவிட்டு நேராக ஸ்ரீரங்கம் வந்தேன். பாலத்தில் வரும்போது காவிரியில் தண்ணீர் இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. கடையில் மகள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். மேடம் யாருக்கோ ஆதார் கார்டை லேமினேட் செய்துகொண்டிருந்தார். நம்பர் கிடைத்துவிட்டது என்று சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அடித்தேன்.

மேடத்தின் மேஜையில், பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது.

அவர் போனைப் பார்த்தார். நான் கட் செய்தேன். அந்த போன் நின்றது. மறுபடி அடித்தேன். அது மறுபடி அடித்தது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். லேமினேஷனுக்கு வந்தவர், "போன் அடிக்குதுங்க" என்று உதவி செய்தார்.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். மூன்றடி தூரத்தில் இருந்த என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, அந்நியர்களிடம் பேசும் குரலில், "சொல்லுங்க" என்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காதிலிருந்து போனை எடுத்து நேரில் பேசலாம். ஆனால் அவர் வைக்கவில்லை. அதனால் நானும் வைக்கவில்லை.

"வணக்கம்ங்க. நீங்க... அந்தக் காலேஜ்ல சமயக் கல்வி முடிச்சவங்களா?"

"ஆமா. முடிச்சு இருபத்தி மூணு வருஷம் ஆச்சு."

"என்ன வேலை பாக்குறீங்க?" கேட்டபிறகுதான் நான் எதைக் கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"ஜெராக்ஸ் கடை."

"எடுத்த எடுப்புலயேவா?"

"இல்ல. ஒரு ஸ்கூல்ல நீதி போதனை வகுப்பு எடுத்தேன். ஆறு வருஷம். தற்காலிகம்தான். அப்புறம் அந்தப் பீரியடை கம்ப்யூட்டருக்குக் குடுத்துட்டாங்க. டிகிரியை மட்டும் வெச்சிக்கிட்டு நாலு இடத்துல ஏறி இறங்கினேன். எல்லாரும் 'இதோட வேற என்ன படிச்சிருக்கீங்க'ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் படிக்கல. கல்வெட்டு டிப்ளமோ படிச்சிருக்கலாம். மேல எம்.ஏ. போயிருக்கலாம். இந்த டிகிரி கெட்டதில்லைங்க. ஆனா அது ஒத்தைக் கால். இன்னொரு காலை நாமதான் வெச்சிக்கணும்."

"உங்களுக்கு அதை யாரும் சொல்லலையா?"

"யாரைக் கேக்குறது? எனக்கு முன்னாடி முடிச்சவங்க யாரும் இல்ல. அந்தக் கோர்ஸுக்கு நாங்கதான் ஃபர்ஸ்ட் பேட்ச்."

ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மேடம், அங்க கிளாஸ் ஒழுங்கா நடக்குமா?"

"காலைல நடக்கும். மத்தியானம் சார் கொஞ்சம் கண்ணசருவார். அந்த நேரத்துல லைப்ரரிக்குப் போயிடும்மா. நல்ல லைப்ரரி. சாவி அவர் சட்டைப் பையில இருக்கும், கேட்டா குடுப்பார்."

"பிடிச்சுதா உங்களுக்கு?"

மேடம் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தபடியே, "ரொம்ப" என்றார்.

வைத்தபிறகு நான் கேட்டேன், "முதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம், எனக்கு ஒரு டிரிப் மிச்சமாயிருக்குமே?"

"எனக்கு நானே சாட்சி சொல்லக்கூடாது சார். அவங்களா என் நம்பரைக் குடுக்கறாங்களான்னு பாக்கணும்ல? ஜெராக்ஸ் கடைக்காரின்னு மறைச்சிருந்தா அந்த இடம் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். மறைக்கல. சரி, நான் ஒரு ஆளுதான். இன்னும் ரெண்டு பேரு பாக்கி."

அவருக்குப் பின்னால் படித்த இரண்டு பேர் நம்பரை அவரே தேடிக் கொடுத்தார். ஒருவர் திண்டுக்கல் பக்கம் தமிழாசிரியர். பட்டத்துக்கு மேல் எம்.ஏ. தமிழ், பி.எட்., எல்லாம் சேர்த்துக்கொண்டவர். "கிளாஸ்ல இலக்கியம் எடுக்கும்போது இந்தப் படிப்புதாங்க எனக்குச் சோறு போடுது" என்றார். இன்னொருவர் சென்னையில் வீட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் நான் அனுதாபத்தோடு பேச ஆரம்பித்தேன்.

"ஏன் சார் வருத்தப்படறீங்க? மனை வாங்க வர்றவங்க ஒருத்தர் வாஸ்து கேக்கறார், ஒருத்தர் தொழுகைத் திசை கேக்கறார், ஒருத்தர் சர்ச் எவ்வளவு தூரம்ங்கறார். இந்த லே-அவுட்ல எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். டிகிரி வேஸ்ட்டே இல்ல. ஆனா அது மட்டும் போதாது, கூட ஒரு தொழில் கத்துக்கணும்" என்றார். எனக்கே ஒரு மனை காட்டப் பார்த்தார். தப்பித்து போனை வைத்தேன்.

மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: இது போதாது, இதோடு இன்னொன்று வேண்டும். கட்டணம் குறைவு என்பதால் அந்த இன்னொன்றுக்குக் கையில் காசு இருக்கும் என்று மகள் சொன்னாள். அப்பனுக்குத் தோன்றவேண்டியது அது. அப்பன் எருமையைத் தியாகம் செய்யக் கிளம்பியிருந்தான். கடைசித் தேதியன்று மேடம் பென்சில் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நான் அந்தக் கரண்டி செட்டை வீட்டிலேயே உபயோகத்துக்குக் கொடுத்தேன். ரசத்துக்கு நன்றாக இருக்கிறது.

அடுத்த ஒன்றரை வருடம் அந்தக் கடைக்குக் காரணம் இல்லாமலேயே போய்வந்தேன். எங்கள் கடையில் விற்கிற மோட்டாரைப் பற்றி வாடிக்கையாளர்கள் என்னிடம் முந்தின ஆள் யார் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். யார் கிளப்பிவிட்டது என்று தெரியும். முதலாளிக்கு எரிச்சல். எனக்கும் முதலில் எரிச்சல்தான். பிறகு வாங்கியவர்கள் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அதில் இரண்டு பேர் பெயரை மட்டும் சத்தமில்லாமல் அடித்துவிட்டேன், அவர்கள் மோட்டார் புகைந்துவிட்டதால். அதையும் மேடம் கண்டுபிடித்துவிட்டார். "அந்த ரெண்டு பேரையும் சேருங்க சார். அவங்களுக்கு மாத்திக் குடுத்தீங்கள்ல, அதைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். விற்பனை ஒன்றும் குறையவில்லை.

மகள் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் கல்லூரியிலேயே வார இறுதிக் கல்வெட்டு டிப்ளமோ ஒன்று புதிதாக ஆரம்பித்தார்கள். மகளுக்கு விண்ணப்பம் போடப் போனேன். மேடம் இரண்டு தாள் எடுத்து இரண்டிலும் எழுதினார்.

"ரெண்டாவது யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

எனக்குக் குஷியாகிவிட்டது. பல நாள் காத்திருந்த கேள்வி. "முந்தின ஆள் யாரு மேடம்?"

"யாருமில்ல சார். புது கோர்ஸு" என்றார். பிறகு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "யாராவது ஒருத்தர் முதல்ல போய்த்தானே ஆகணும்? இந்தத் தடவை கூட ஒரு ஆளாவது இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் சனி ஞாயிறுகளில் ஒன்றாக பஸ் ஏறிப் போனார்கள். பழைய தமிழ் எழுத்துகளை, கல்மேல் தாளை ஒட்டி மை தட்டிப் படியெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். மேடம் விரல் நகமெல்லாம் மையோடு வந்து ஜெராக்ஸ் தாளில் ரேகை பதிப்பார். பரீட்சையில் அவர் முதல் வகுப்பு. என் மகள் ஒரு தாளில் தவறி, மறுமுறை எழுதித் தேறினாள்.

பட்டம் வாங்கி பதினொரு மாதம் அவள் வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பதினொரு மாதமும் நான் செய்த ஜோக்குகளில் ஒன்றுக்கும் யாரும் சிரிக்கவில்லை, நானும்தான். பிறகு தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் காப்பகத்தில் பழைய சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் பட்டியலிட ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. சமயப் படிப்பில் பட்டம், கல்வெட்டு டிப்ளமோ. ஒரே ஓர் இடம். வயது முப்பத்தைந்துக்குள்.

விளம்பரத்தை வெட்டி எடுத்து வைத்திருந்தது மேடம்தான். அதை என்னிடம் நீட்டும்போது, "எனக்கு வயசு தாண்டிடுச்சு சார், பாத்துட்டேன்" என்றார். மகளுடைய விண்ணப்பத்தை அவரே நிரப்பினார்.

மகளுக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை, சம்பளம் என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. நிரந்தரம் ஆக்குவோம் என்று இரண்டு முறை சொன்னார்கள், ஆக்கவில்லை. போன மாதம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். விண்ணப்பமெல்லாம் ஆளாளுக்குச் செல்போனிலேயே போட ஆரம்பித்துவிட்டதால் மேடம் கடையை விட்டுவிட்டு ஓசூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அவர் படித்த டிப்ளமோவுக்கு இதுவரை வேலை எதுவும் கிடைக்கவில்லை.